ரேடியேட்டருக்கு ஒரு டின் தண்ணீர்

போன மாதம் அருப்புக்கோட்டை பைபாஸில் ஒரு வேடிக்கை பார்த்தேன். பழைய காலத்துக் கார்கள் பத்துப் பன்னிரண்டு, புதுப் பெயிண்டும் பித்தளைப் பளபளப்புமாக, வரிசை கட்டித் தெற்கே போய்க்கொண்டிருந்தன. பணமும் நேரமும் உள்ளவர்கள் அந்த மாதிரிக் கார்களில் ஊர் ஊராகச் சுற்றுகிறார்களாம். அதில் ஒன்று மட்டும் எங்களுக்கு முன்னாலேயே பெருமூச்சு விட்டு ஓரங்கட்டியது. மூடியைத் திறந்ததும் புகையாக ஆவி வந்தது. மகனிடம் காரை நிறுத்தச் சொல்லி, கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தொப்பி போட்ட ஒருவர் பெட்டிக்கடையிலிருந்து தண்ணீர் பாட்டில்களை அள்ளிக்கொண்டு வந்து, ஒன்று மாற்றி ஒன்றாகத் திருகி ரேடியேட்டரில் ஊற்றினார். ஆறு பாட்டில். யார் வீட்டுத் தண்ணீர் என்று அவர் ஒரு நொடிகூட யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கடைத் தண்ணீருக்கு வீடு கிடையாது.

"என்னம்மா, அழுகிறீங்களா?" என்றான் மகன். தூசி என்றேன். ஏ.சி. காரில் தூசி எங்கிருந்து வரும் என்று அவன் கேட்கவில்லை, நல்ல பிள்ளை. ஆனால் என் வயசுக்காரர்களான உங்களிடம் தூசி என்று சொல்லித் தப்பிக்க முடியாது. யார் யார் வீட்டில் கை நனைக்கலாம், யார் வீட்டில் கூடாது என்று பெரியவர்கள் போட்ட கோடுகளுக்கு நடுவே பாண்டி விளையாடி வளர்ந்தவர்கள் நீங்கள். உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் வீட்டிலும் ஒரு கார் இருந்தது. திருச்சுழிக்குக் கிழக்கே கரிசலும் செவலும் கலந்த ஒரு ஊரில், மழை வந்தால் பருத்தி, வராவிட்டால் வானத்தைப் பார்ப்பது என்று இருந்த குடும்பத்துக்குக் கார் எதற்கு என்று கேட்டால், அதற்குப் பதில் தாத்தாவிடம்தான் இருந்தது. அவர் அதைச் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். பஞ்சாலை மேனேஜர் ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது விற்றுவிட்டுப் போன வண்டி. தாத்தா வாங்கும்போதே அதற்கு வயசாகியிருந்தது. அப்பா கைக்கு வந்தபோது அது கிழம்.

ஊரில் அதைக் கார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பிளசர் என்பார்கள். கறுப்பு நிறம். ஏறுவதற்குப் பக்கவாட்டில் ஒரு படிப்பலகை. முன்னால் கைப்பிடிக் கம்பியைச் செருகிச் சுற்றினால்தான் உயிர் வரும். உள்ளே பெட்ரோலும் பழைய தோலும் எலிப் புழுக்கையும் கலந்த ஒரு வாசனை அடிக்கும், எனக்கு அது மல்லிகையைவிடப் பிடிக்கும். டிரைவர் கதவுக்கு வெளியே வளைந்து வளைந்து போகும் பித்தளை ஆரன், அதன் முனையில் கறுப்பு ரப்பர் பந்து. பந்தை அழுத்தினால் எருமை கத்துவது மாதிரி ஒரு சத்தம் நாலு வயலுக்கு அந்தப் பக்கம் வரை கேட்கும். அப்பாவுக்குப் பின்னால் ஜன்னலோரம் உட்கார்ந்தால் கையை வெளியே நீட்டி நானே அந்தப் பந்தை அழுத்தலாம். அதனால் அந்த இடத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

அப்பா மெக்கானிக் இல்லை, வண்டிதான் அவரை மெக்கானிக் ஆக்கியது. பெட்ரோல் தொட்டியில் ஓட்டை விழுந்தால் பார் சோப்பைப் பிசைந்து அடைப்பார். குழாயில் அடைப்பு என்றால் வாயை வைத்து உறிஞ்சுவார், அன்றைக்குச் சோறு இறங்காது. அம்மா சீயக்காய்த்தூள் தேடினால் அது பஞ்சர் ஒட்டும் இடத்தில் இருக்கும். கிரீஸ் பிசுக்குப் போக அப்பா கை கழுவ எடுத்துப் போயிருப்பார். "கட்டுன பொண்டாட்டியக்கூட இப்பிடி உக்காந்து உக்காந்து பாத்திருக்க மாட்டாக" என்று அம்மா என்னிடம்தான் சொல்வாள், அவர் காதில் விழும்படியாக.

அந்தக் காரால்தான் எங்களுக்கும் அத்தை வீட்டுக்கும் பேச்சு நின்றது.

அத்தை அப்பாவுக்கு மூத்தவள், கூடப்பிறந்த ஒரே அக்கா. மல்லாங்கிணறுக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அத்தை மகளுக்குக் கல்யாணம் வந்தது. தாய்மாமன் சீரோடு வந்து நின்ற பிறகுதான் பெண் கழுத்தில் தாலி ஏற வேண்டும். அது எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம். அப்பாவுக்கு ஒரு ஆசை, சீர்த்தட்டுகளைப் பிளசரில் கொண்டுபோய் இறக்க வேண்டும் என்று. "முந்தின நாளே பஸ்ஸுல போயிருவோம்" என்று அம்மா சொன்னாள். கேட்கவில்லை. காரியாபட்டி தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. பட்டுச்சேலை, மாலை, தேங்காய் பழத்தோடு நாங்கள் நடுரோட்டில் உட்கார்ந்திருக்க, அப்பா காருக்கு அடியில் படுத்திருந்தார்.

அங்கே நல்ல நேரம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது மாமா, அதாவது அத்தை புருஷன், "காரு வரும்னு காத்துக்கெடந்தா பிள்ளைக்கு எமகண்டத்துலதான் தாலி ஏறும், கட்டச் சொல்லுங்கய்யா" என்று சொல்லிவிட்டார். நாங்கள் போய் இறங்கியபோது முதல் பந்தி எழுந்துகொண்டிருந்தது.

அத்தை செம்பில் தண்ணீரோடு ஓடிவந்தாள். வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுப்பது வழக்கம்தானே. அப்பா கை நீட்டவில்லை. "மாமன் இல்லாம நடந்த கல்யாணத்துல மாமனுக்கு எதுக்குத் தண்ணி? இனி இந்த வாசல்ல நான் கை நனைச்சா ஏன்னு கேளு" என்றார். சீர்த்தட்டுகளை வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டு வண்டியைத் திருப்பினார். எனக்கு அப்போது ஏழு வயசு. பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அத்தை அந்தச் செம்பைக் கீழே வைக்கத் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

மாமா செய்ததும் சரி, அப்பா கோபப்பட்டதும் சரி என்று இன்றைக்கு என்னால் இரண்டு பக்கமும் வக்கீல் வேலை பார்க்க முடியும். அன்றைக்கு அப்படிப் பார்க்க இரண்டு வீட்டிலும் ஒரு ஆள் இல்லை.

மூன்று வருஷம் போயிற்று. என் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. வைகாசியில் முகூர்த்தம், சித்திரையில் பத்திரிகை வைக்கக் கிளம்பினோம். எனக்குப் பள்ளிக்கூடம் லீவு. அப்பா, அம்மா, சித்தப்பா, நான். அக்கா கல்யாணப் பெண் என்பதால் வீட்டில். அம்மா மடியில் மஞ்சள் குங்குமத் தட்டு. நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகைகள் ஒரு மஞ்சப்பையில். ஊர் ஊராக, முறை வரிசை தப்பாமல் போக வேண்டும். ஒரு வீட்டை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனால் அந்த வீடு நம்மை ஆயுசுக்கும் விடாது.

அம்மா பத்திரிகைகளை அடுக்கும்போது ஒன்று அதிகமாக இருந்தது. "இது யாருக்கு?" என்றாள். "கெடக்கட்டும். வழியில யாராச்சும் கண்ணுல பட்டா வேணுமே" என்று அப்பா அதை வாங்கி ஸ்டியரிங்குக்குப் பக்கத்துப் பெட்டிக்குள் வைத்தார்.

அந்த மூன்று நாள் சுற்றலை நான் இன்னொரு முறை வாழச் சொன்னாலும் வாழ்வேன். முதல் நாள் இரண்டு பஞ்சர். இரண்டாம் நாள் ரேடியேட்டர் ஒழுகியது. சித்தப்பா எங்கேயோ கேள்விப்பட்டதை வைத்துக்கொண்டு, "மதினி, அந்த மஞ்சத்தூளக் குடுங்க" என்று தட்டிலிருந்த மஞ்சளை முழுக்க உள்ளே கொட்டிவிட்டார். ஆச்சரியம், ஒழுக்கு நின்றது. ஆனால் அதன் பிறகு போன வீடுகளில் அம்மா வெறும் குங்குமத்தை மட்டும் நீட்டி அசடு வழிந்தாள். "மஞ்சள் எங்கத்தா?" என்று கேட்ட ஒரு பெரியம்மாவிடம் நான், "காரு முழுங்கிருச்சு" என்று சொல்லித் தொடையில் கிள்ளு வாங்கினேன்.

ஊருக்குள் நுழையும்போதெல்லாம் நான்தான் ஆரன் அடிப்பேன். பிள்ளைகள் எல்லாம் பின்னாலேயே ஓடி வரும். மூன்றாம் நாள் காலையில் காரியாபட்டிச் சந்தைக்குப் பக்கத்தில் கொஞ்சம் அதிகமாகவே அழுத்திவிட்டேன். ஒரு வண்டிமாட்டுச் சோடி மிரண்டு, பருத்திமார் ஏற்றிய வண்டி ஓடையில் இறங்கிவிட்டது. வண்டிக்காரர் எங்கள் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். அப்பா பின்னால் திரும்பி, "இன்னொரு தடவ ஆரன்ல கை வச்ச, நடுவழியில எறக்கி விட்டுட்டுப் போயிருவேன்" என்றார். அப்பா என்னை அப்படித் திட்டியதே இல்லை. நான் கையை மடிக்குள் வைத்துக்கொண்டேன்.

அன்று மல்லாங்கிணறில் என் தாய்மாமன் வீட்டுக்குப் பத்திரிகை வைக்க வேண்டும். அங்கே போக நேர் ரோடு இருந்தது. அப்பா உள்பாதையில் திருப்பினார். "ஏண்ணே, இது அக்கா ஊரு வழியாப் போற பாதையில்ல?" என்றார் சித்தப்பா. "அந்த ரோடு குண்டும் குழியுமாக் கெடக்கு" என்றார் அப்பா. இந்தப் பாதையில் பள்ளத்துக்கு நடுவில்தான் ரோடே இருந்தது. அம்மா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அத்தை ஊர் எல்லையில், ஊருணிக்குக் கொஞ்சம் முன்னால், படார் என்று ஒரு சத்தம். விசிறி பெல்ட் அறுந்துவிட்டது. ரேடியேட்டர் கொதித்து மூடியைத் தள்ளிக்கொண்டு மஞ்சள் தண்ணீராகக் கக்கியது. கல்யாண மஞ்சள் எல்லாம் தரையில்.

சித்தப்பா அறுந்த பெல்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "அண்ணே, அக்கா வீடு கூப்புடு தூரம். நான் போயி..." என்று ஆரம்பித்தார். அப்பா பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிவிட்டு, அந்த வழியாக வந்த சைக்கிள்காரர் பின்னால் ஏறி மல்லாங்கிணறுக்குப் பெல்ட் தேடப் போய்விட்டார்.

அவர் வருகிற வரைக்கும் அப்பாவால் சும்மா இருக்க முடியுமா? தட்டுக்கு அடியில் விரித்திருந்த பழைய நூல் சேலையை அம்மாவிடம் கேட்டு வாங்கினார். அருப்புக்கோட்டைத் தறிச்சேலை. இழுத்தால் வருமே தவிர அறாது. கிழித்து, முறுக்கி, நனைத்து, பெல்ட் மாதிரி பூட்டி முடிச்சுப் போட்டார். நனைக்கவே எங்கள் கூஜாத் தண்ணீர் தீர்ந்துவிட்டது. "எஞ்சின் ஆறட்டும். அதுக்குள்ள அரை டின் தண்ணி வேணும்" என்றார். என்னிடம் தகர டின்னைக் கொடுத்தார். "ஊருணியில மோந்துக்கிட்டு வா தாயி. வேற எங்கயும் போகக் கூடாது."

ஊருணிக்குள் இறங்கிப் பார்த்தேன். சித்திரை வெயிலில் அடியில் நாலு எருமை படுக்கிற அளவுக்குச் செம்மண் குழம்பு கிடந்தது. நாலு எருமையும் படுத்திருந்தன. அந்தச் சேற்றை ரேடியேட்டரில் ஊற்றினால் என்ன ஆகும் என்று அப்பா பிள்ளையான எனக்குத் தெரியாதா? வண்டி அங்கேயே நின்றுவிட்டால் சாயங்காலத்துக்குள் பத்திரிகை வைத்து முடிக்க முடியாது, அக்கா கல்யாணத்துக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்தேன். கரையேறி, டின்னைத் தூக்கிக்கொண்டு, மூன்று வருஷம் மிதிக்காத தெருவுக்குள் ஓடினேன்.

அத்தை முற்றத்தில் மிளகாய் வத்தல் கிளறிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். டின்னைப் பார்த்தாள்.

"காருக்கா?"

"ஆமாத்தை. ஊருணியில தண்ணி இல்ல. அப்பாவுக்குத் தெரியாது."

அந்த ஊரில் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும். குடிதண்ணீருக்கு ஒரு மைல் நடக்க வேண்டும். அத்தை என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போய், சமையலறை மூலையில் இருந்த மண்பானையை அப்படியே சாய்த்து டின்னில் ஊற்றினாள். குடிக்க வைத்திருந்த தண்ணீர். முந்தானையை டின்னின் வாயில் கட்டி வடிகட்டினாள். பானைக்குள் வெட்டிவேர் கட்டு ஒன்று மிதந்தது. எங்கள் வீட்டில் அம்மாவுக்கு அந்த வாசனை ஆகாது, மருந்துக் கஷாயம் மாதிரி இருக்கிறது என்பாள். அப்பாவும் அத்தையும் பிறந்து வளர்ந்த வீட்டுப் பழக்கம் அது. அத்தை மட்டும் கட்டிக்கொண்டு வந்த ஊருக்கும் அதைக் கொண்டுவந்திருந்தாள்.

டின்னைத் தூக்கிவிட்டு, வாசல் வரை ஒரு கை பிடித்துக்கொண்டு வந்தாள்.

"அக்காளுக்குக் கல்யாணமாமே?"

தலையாட்டினேன்.

"ஒங்க அப்பன்கிட்டச் சொல்லு. பத்திரிகை வைக்க வேணாம். வாசலுக்கு வர வேணாம். எங்கூடப் பேசக்கூட வேணாம். போறப்ப தெருமுனையில ஒரு தடவ ஆரன் அடிச்சா போதும், நான் கல்யாணத்துக்கு வந்துருவேன். மாமாவையும் கூட்டியாருவேன். சொல்லுவியாத்தா?"

"சொல்றேன் அத்தை" என்றேன்.

டின்னைத் தூக்கிக்கொண்டு வரும் வழியில்தான் எனக்கு உறைத்தது. இதைச் சொன்னால் தண்ணீர் எங்கே எடுத்தது என்றும் சொல்ல வேண்டும். வேற எங்கயும் போகக் கூடாது என்று சொல்லி அனுப்பியவர் அப்பா. காலையில்தான் நடுவழியில் இறக்கி விட்டுவிடுவேன் என்று சொன்னவர். பத்து வயசுப் பிள்ளைக்கு அதெல்லாம் உண்மையாகவே நடக்கும் என்று தோன்றும். உங்களுக்கு நினைவிருக்கும்.

"எங்க மோந்த?" என்றார் அப்பா.

"ஊருணியில."

அப்பா டின்னுக்குள் பார்த்தார். அடிவரைக்கும் தெரிகிற தண்ணீர். டின்னைத் தூக்கியவர் ஒரு நொடி முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு புனல் வைத்து நிதானமாக ரேடியேட்டரில் ஊற்றினார். கடைசியில் ஒரு கை அளவு மிச்சம் இருந்தது. அதை உள்ளங்கையில் சரித்துக் குடித்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். அப்பாவையே ஏமாற்றிவிட்டேன் பார்த்தீர்களா என்று. எருமை படுத்த ஊருணித் தண்ணீரை எந்த மனிதன் குடிப்பான் என்று யோசிக்கிற புத்தி எனக்கு வர நாற்பது வருஷம் ஆயிற்று.

வாயைத் துடைத்துக்கொண்டு அப்பா என்னைப் பார்த்தார். "வேற ஒண்ணும் இல்லையா தாயி?"

"இல்லப்பா."

கம்பியைப் போட்டு அவரே சுற்றினார். நூல் சேலை பெல்ட் ஒரு கிரீச்சோடு சுற்ற ஆரம்பித்தது. கிளம்பினோம். அத்தை தெருமுனை வந்தது. அங்கே மேடு இல்லை, பள்ளம் இல்லை, ஆடுமாடு இல்லை. அப்பா கியரைக் குறைத்தார். நடக்கிறவர்கள் எங்களைத் தாண்டிப் போகலாம், அவ்வளவு மெதுவாகப் போனது வண்டி. அத்தை தெருமுனைச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். முந்தானையின் நனைந்த பகுதி இன்னும் கறுப்பாகத் தெரிந்தது. அப்பா நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆரன் பந்து என் ஜன்னலுக்கு வெளியே, ஒரு முழம்கூட இருக்காது, ஆடிக்கொண்டிருந்தது. நான் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

வண்டி தாண்டிவிட்டது. பின்கண்ணாடியில் நான் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த முறை பார்க்கத் தைரியம் இல்லை.

மல்லாங்கிணறு பஸ் நிறுத்தத்தில் சித்தப்பா நின்றுகொண்டிருந்தார். தோளில் மாலை மாதிரி ஒரு பெல்ட். மாவு மில்லில் கேட்டு வாங்கி வந்ததாம், எங்கள் காரைச் சுற்றியே கட்டலாம், அவ்வளவு நீளம். எங்களைப் பார்க்காமல் எதிர்த் திசையில் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா கையை வெளியே விட்டு ஆரனை அழுத்தினார். நாலு தடவை. சித்தப்பா துள்ளித் திரும்பினார். சுற்றி நின்ற சனம் எல்லாம் சிரித்தது. நான் ஓவென்று அழ ஆரம்பித்தேன்.

"பிள்ளைக்குப் பசி" என்றாள் அம்மா. தாய்மாமன் வீட்டில் எனக்கு முதலில் இலை போட்டார்கள்.

அக்கா கல்யாணம் நன்றாகத்தான் நடந்தது. பெண்ணுக்கு அத்தை வைக்க வேண்டிய முதல் நலங்கை, ஒன்றுவிட்ட ஒரு அத்தையைத் தேடிப் பிடித்து வைக்கச் சொன்னார்கள். அவளுக்கு அக்காவின் பெயர்கூடச் சரியாகத் தெரியாது. வாசலில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அப்பா எழுந்து எழுந்து போய்ப் பார்த்தார். மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்கிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். தாலி கட்டி வெகுநேரம் கழித்தும் அவர் போய்ப் பார்த்தார்.

பெட்டிக்குள் வைத்த பத்திரிகை அங்கேயே கிடந்தது. சில வருஷம் கழித்து வண்டியை விற்றபோது அதுவும் வண்டியோடு போயிருக்க வேண்டும்.

அத்தை இறந்தது ஒரு ஐப்பசி மழையில். பிறந்த வீட்டுச் சேலை வந்து போர்த்தாமல் பெண்ணைத் தூக்க மாட்டார்கள். தகவல் வந்த உடனே அப்பா ஜவுளிக்கடையைத் திறக்கச் சொல்லிச் சேலை எடுத்துக்கொண்டு, முதல் பஸ்ஸில் ஏறி, எல்லோருக்கும் முன்னால் போய் நின்றுவிட்டார். அந்தச் சீர் மட்டும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். காரியம் முடிந்ததும் அந்த வாசலில் கொடுத்த தண்ணீரை அப்பா வாங்கிக் குடித்தார்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பெற்றேன், அம்மா போய்ச் சேர்ந்தாள், அப்பா அருப்புக்கோட்டையில் என் வீட்டுக்கே வந்துவிட்டார். இவ்வளவுக்கும் நடுவில் அந்த ஒரு வரி என் தொண்டையிலேயே கிடந்தது. ஒவ்வொரு வருஷமும், இப்போது சொல்லி என்ன பயன் என்பேன். அத்தை உயிரோடு இருந்த வருஷங்களிலும் அதையேதான் சொன்னேன். அதற்காக என்னை நான் மன்னித்ததில்லை.

அப்பாவின் கடைசிக் கோடைகாலம். எங்கள் தெரு முழுக்க விசைத்தறி, பகலில் பேசுவது காதில் விழாது. அன்று மத்தியானம் கரண்டு போய், தெருவே ஒரு நிமிடத்தில் அமைதியானது. கடையில் கிடைத்ததே என்று நான் பானைத் தண்ணீரில் வெட்டிவேர் போட்டிருந்தேன். டம்ளரில் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு அப்பா டம்ளரை மடியில் வைத்துக்கொண்டார்.

"அன்னைக்கி டின்னுல கொண்டாந்த தண்ணி" என்றார்.

"தெரியுமாப்பா?"

"குடிச்சேன்ல."

தறிச்சத்தம் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அவர் காலடியில் தரையில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னேன். பானையைச் சாய்த்தது, முந்தானையில் வடிகட்டியது. பத்திரிகை வேண்டாம் என்றது, பேசக்கூட வேண்டாம் என்றது. ஒரு தடவை ஆரன் அடித்தால் போதும் வந்துவிடுவேன் என்றது. பயந்துபோய் நான் சொல்லாமல் விட்டது. பேரன் எடுத்த பொம்பளை, பத்து வயசுப் பிள்ளை மாதிரி தேம்பினேன்.

அப்பா டம்ளரை வைக்க இடம் தெரியாதவர் மாதிரி கையிலேயே வைத்திருந்தார். பிறகு மறு கையை என் தலையில் வைத்தார்.

"நீ சொல்லியிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது தாயி" என்றார். "அன்னைக்கி ஆரன் வேலை செய்யல. ரப்பர் கிழிஞ்சு கெடந்துச்சு. ஒனக்கு ஞாபகம் இல்ல?"

எருமை கத்துவது மாதிரி அந்தச் சத்தம் என் காதுக்குள் நாலு தடவை கேட்டது.

"ஆமாப்பா" என்றேன். "கிழிஞ்சுதான் கெடந்துச்சு."

மீதித் தண்ணீரையும் குடித்துவிட்டு டம்ளரை என்னிடம் கொடுத்தார். கரண்டு வந்துவிட்டது.